நாரும் பிசினும்

சென்ற மகாசபைக் கூட்டம் முடிந்து அங்கத்தினர்கள் கலையும் சமயத்தில், வாழைத் தோட்டம் வைத்திருக்கும் அன்பர் ஒருவர் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "வாழை நாரை வைத்து மேல்நாட்டில் மோட்டார் வண்டி செய்கிறார்களாமே, அது மெய்தானா? மெய்யானால், நாம் ஏன் மட்டையை மண்ணில் மக்கவிடுகிறோம்?" என்றார். பக்கத்தில் நின்ற நெசவாள அன்பர், "வண்டி என்ன ஐயா, ஆகாய விமானத்தின் விசிறியையே தறியில் நெய்கிறார்களாம்!" என்று கூறிச் சிரித்தார். அவர் கேலியாகச் சொன்னாரோ, கேள்விப்பட்டுச் சொன்னாரோ, அறியோம். ஆயினும் இரண்டு செய்திகளிலும் உண்மை உண்டு. முதற்செய்தி பாதி உண்மை. இரண்டாவது செய்தி முழு உண்மை.

இவற்றைப் பற்றி நம் ஏட்டில் விவரமாக எழுதுவதாக அன்றே வாக்களித்தோம். வாக்கை நிறைவேற்றும்போது நம்முடைய பழைய பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் பிற்பகுதியில் கூறுவோம்.

பழைய மண்சுவரும் புதிய படகும்

நாரைச் சேர்த்து ஒரு பொருளுக்கு வலுவூட்டும் உபாயம் நமக்குப் புதிதன்று. மண்சுவர் எழுப்பவும் நெற்குதிர் வனையவும் களிமண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்த வழக்கத்தை நம்மில் வயது முதிர்ந்தோர் கண்டிருப்பர். வெறும் களிமண் காய்ந்தால் வெடிக்கும். வைக்கோல் கலந்த மண்ணிலோ, வெடிப்பு ஒரு வைக்கோல் தாளைச் சந்தித்ததும் அங்கேயே தடைப்பட்டு நிற்கும். இரு பக்கத்து மண்ணையும் அந்தத் தாள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இன்று 'கூட்டுப்பொருள்' என்று விஞ்ஞானிகள் வழங்கும் பொருள்களின் தத்துவமும் இதுவே. களிமண்ணுக்குப் பதிலாக இரசாயனப் பிசின். வைக்கோலுக்குப் பதிலாகக் கண்ணாடி இழை, கார்பன் இழை, அல்லது நிலத்தில் விளையும் நார்.

கடற்கரை ஊர்களில் வாழும் அங்கத்தினர்களுக்கு இதன் உருவம் நன்றாகத் தெரியும். கட்டுமரங்கள் கிடந்த மணலில் இன்று வரிசையாக நிற்கும் 'ஃபைபர்' படகுகள் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து உருவானவையே. 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் மீனவர்களுக்கு நிவாரணமாக வழங்கப்பட்ட படகுகளில் மிகப் பல இவ்வகையைச் சேர்ந்தவை. முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளின் நீண்ட இறக்கைகளும் இவ்வினமே. உருக்கிய கண்ணாடியை நுண்ணிய துளைகளின் வழியே இழுத்து இழையாக்கும் தொழில் 1930களில் அமெரிக்காவில் பெரிய அளவில் வளர்ந்தது. 1953இல் அந்நாட்டின் ஷெவர்லே நிறுவனம் 'கார்வெட்' என்னும் மோட்டார் வண்டியின் மேற்கூட்டை இப்பொருளாலேயே செய்து விற்றது. முதல் ஆண்டில் வெளிவந்த வண்டிகள் 300.

இதில் நாரின் வேலை வேறு, பிசினின் வேலை வேறு. நார் இழுவையைத் தாங்கும். ஆனால் தனித்து நின்றால் துவண்டு விழும். பிசின் உருவத்தைக் காக்கும். ஆனால் தனித்து நின்றால் ஓங்கித் தட்டியதும் நொறுங்கும். இரண்டும் ஒட்டி நின்றால், ஓர் இழை அறுந்தாலும் அதன் சுமையைப் பிசின் பக்கத்து இழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடுகிறது. கூட்டுப்பொருள் என்ற பெயரைக் கூட்டுறவுக்காரர்களாகிய நாம் கேட்டால் சற்றே பெருமை கொள்வது இயல்புதான். ஆனால் ஒட்டாத பிசினும் நனைந்த நாரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பின்னால் பார்க்கப்போகிறோம்.

இரும்பு இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். விடை எடையில் இருக்கிறது. ஒரு லிட்டர் பாத்திரம் நிரம்பும் அளவுள்ள எஃகு சுமார் 7.8 கிலோ நிற்கும். அதே அளவு அலுமினியம் 2.7 கிலோ, கண்ணாடி இழை சுமார் 2.5, கார்பன் இழை 1.8, ஆளிச்செடியின் நார் ஏறத்தாழ 1.5 கிலோ. பாரவண்டி இழுக்கும் மாடு சரக்கை மட்டுமா இழுக்கிறது? வண்டியையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. மோட்டார் வண்டிக்கும் விமானத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். கூடு இலேசானால் எண்ணெய்ச் செலவு குறையும், அல்லது அதே எண்ணெயில் அதிகச் சுமை செல்லும். 2011இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 787 விமானத்தின் கட்டுமான எடையில் ஏறத்தாழப் பாதி கூட்டுப்பொருளாக இருப்பதன் காரணம் இதுதான். இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்கள், ஏவுகணைகளுக்காக ஆக்கிய இலேசான கூட்டுப்பொருளைக் கொண்டு போலியோ கண்ட குழந்தைகளுக்கு நடைத்தாங்கிகள் செய்விக்க ஏற்பாடு செய்ததை நேயர்கள் கேட்டிருப்பர். உலோகத் தாங்கியின் எடை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. விமானத்தின் கணக்கைவிட அந்தக் குழந்தைகளின் கணக்கே நமக்கு எளிதில் விளங்குகிறது.

பஞ்சுக் கழிவில் ஒரு வண்டி

பஞ்சோடு உறவுடைய நமக்கு மிகவும் நெருக்கமான கதை கிழக்கு ஜெர்மனியின் கதை. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் அந்நாடு தனிக் குடியரசாகப் பிரிந்தபோது, மோட்டார் வண்டிகளின் மேற்கூட்டுக்கு வேண்டிய நல்ல எஃகுத் தகடு அதனிடம் போதிய அளவில் இல்லை. மேற்கு நாடுகளோ அத்தகைய சரக்கு அங்கே செல்லாதபடி தடை விதித்திருந்தன. ஸ்விக்காவ் என்னும் ஊரிலிருந்த தொழிற்சாலையின் பொறியியலாளர்கள் கையில் இருந்தவற்றைக் கொண்டே ஒரு வழி கண்டனர். சோவியத் நாட்டிலிருந்து வந்த பருத்திக் கழிவு அவர்களுக்குக் கிடைத்தது. நூற்புக்கு உதவாத அந்தக் குட்டை இழையை மெத்தைபோல் விரித்து, இடையிடையே பீனால் பிசின் தூவி, அடுக்கடுக்காக வைத்துச் சூடான அச்சில் அழுத்தினர். பிசின் உருகிப் பஞ்சில் ஊறி இறுகியதும் வண்டியின் கதவும் கூரையும் தகடாக வெளிவந்தன. அப்பொருளுக்கு 'டூரோபிளாஸ்ட்' என்று பெயர் சூட்டினர்.

1955இல் பி70 என்ற வண்டியில் தொடங்கிய இம்முயற்சி, 1957இன் இறுதியில் அறிமுகமான 'டிராபண்ட்' வண்டியில் நிலைபெற்றது. உள்ளே எஃகுச் சட்டம். அதன்மேல் பஞ்சுத் தகடு. வண்டியின் மொத்த எடை ஏறத்தாழ 600 கிலோ. 1991 ஏப்ரலில் கடைசி வண்டி வெளிவரும் வரையில் 30 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வண்டிகள் அங்கே உருவாயின. நூற்பாலை ஒதுக்கிய கழிவு முப்பது இலட்சம் குடும்பங்களை ஏற்றிச் சென்றது என்றால், பஞ்சுத் தொழிலில் இருப்பவர்கள் சற்று நிமிர்ந்து உட்காரலாம்.

ஆனால் அந்த வண்டியைப் பரிகாசம் செய்தவர்களும் ஏராளம். இருவீச்சு இயந்திரத்தின் புகையும் இரைச்சலும் அதற்குக் கெட்ட பெயரைத் தேடித் தந்தன. பணம் கட்டிவிட்டுப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் உண்டு. அந்தக் காத்திருப்புக்குக் காரணங்கள் பல. அச்சில் வைத்த பஞ்சு இறுகச் சில நிமிடங்கள் பிடிப்பதும் வேகத்தைத் தடுத்த ஒன்றுதான். எஃகுத் தகட்டுக்கோ ஓர் அழுத்தத்தில் உருவம் வந்துவிடுகிறது. ஆயினும் பஞ்சுத் தகட்டைத் துரு அணுகவில்லை. எஃகு வண்டிகள் அரித்துப்போன பனிநாட்டுச் சாலைகளில் அதன் கதவுகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றன.

தீமை வேறிடத்தில் ஒளிந்திருந்தது. பீனால் பிசின் ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாது. எஃகைப்போல் உலையில் இட்டுப் புதுத் தகடாக்க முடியாது. எரித்தால் நச்சுப் புகை. 1989க்குப் பின் மக்கள் இவ்வண்டிகளைக் கைவிட்டபோது, குவிந்து கிடந்த கூடுகளை என்ன செய்வது என்று அந்நாட்டார் திகைத்தனர். அரைத்துப் பொடியாக்கி, நடைபாதைக் கற்களுக்கான சிமெண்டுக் கலவையில் சேர்த்துப் பார்த்தனர். பழைய ஃபைபர் படகுக்கும், ஆயுள் முடிந்த காற்றாலை இறக்கைக்கும் இதே சங்கடம் உண்டு. இப்பொருளைப் பற்றி யார் வந்து நம்மிடம் உயர்வாகப் பேசினாலும், "ஆயுள் முடிந்தபின் இது எங்கே போகும்?" என்ற கேள்வியை நாம் கேட்டே ஆகவேண்டும்.

முறுக்கும் நெளிவும்

இனி நெசவாள அன்பர்களுக்கு உரிய பகுதி. பஞ்சைத் தாறுமாறாக விரித்து அழுத்தினால் எல்லாத் திசையிலும் ஓரளவு வலு கிடைக்கும். ஒரு திசையிலும் பெருவலு கிடைக்காது. சுமை எத்திசையில் வருமோ அத்திசையில் இழையை நேராகக் கிடத்தினால்தான் அதன் முழு வலிமையும் வேலை செய்யும். இங்கேதான் நம் தொழிலின் இரண்டு பாடங்கள் தலைகீழாகின்றன.

முதலாவது, முறுக்கு. குட்டை இழைகளை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்தி நூலுக்கு உறுதி தருவது முறுக்கே என்பதை நூற்பவர் எவரும் அறிவர். கூட்டுப்பொருளில் அந்தப் பிடிப்பைப் பிசின் தந்துவிடுகிறது. அங்கே முறுக்கு மிகுந்தால் இரு வகையில் கெடுதல். பிசின் நூலின் உள்ளே ஊறாது. இழையும் நேராக நில்லாமல் சுற்றிச் சாய்ந்து, சுமையின் திசையிலிருந்து விலகிவிடுகிறது. ஆகவே முறுக்கில்லாத, அல்லது மிகக் குறைந்த முறுக்குள்ள இழைக்கற்றையே அவர்களுக்கு வேண்டும். நாம் 'நல்ல நூல்' என்று எடுத்து வைப்பதை அவர்கள் தள்ளிவிடக்கூடும். இது தரக்குறைவன்று, வேறு வேலை.

இரண்டாவது, நெளிவு. சாதா நெசவில் பாவு இழை ஒவ்வோர் ஊடைக்கும் மேலும் கீழுமாக ஏறி இறங்குகிறது. உடுக்கும் துணிக்கு அது அழகு. பிசினில் இறுகிய துணியை இழுத்தாலோ, நெளிந்த இழை முதலில் நிமிர முயல்கிறது. நிமிரும் முயற்சியில் சுற்றியுள்ள பிசின் வெடிக்கிறது. அழுத்தினாலோ, நெளிந்த இடத்திலேயே இழை மடிகிறது. ஆகையால் இழை நெடுந்தொலைவு மிதந்து, சில இடங்களில் மட்டும் பின்னிச் செல்லும் சாட்டின் நெசவை விமானத் தொழிலில் விரும்புகின்றனர். வளைவான அச்சில் சுருக்கமின்றிப் படிவதற்கும் அதுவும் டுவில் நெசவும் ஏற்றவை. இன்னும் ஒரு படி சென்று, நெய்யாமலேயே இழைகளை ஒரே திசையில் பரப்பி, அதன்மேல் வேறு திசையில் இன்னொரு பரப்பு வைத்து, மெல்லிய நூலால் தைத்துவிடும் முறையும் உண்டு. நெளிவு அங்கே அநேகமாக இல்லை.

தறியில் பிறந்த விசிறி

கார்பன் இழை எங்கிருந்து வருகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். குளிர்காலச் சட்டை பின்னும் அக்ரிலிக் நூலின் இனமே அதன் தாய். அந்த இழையை இழுத்து நிறுத்தி, காற்றில் 200 முதல் 300 டிகிரி வரை சூடேற்றினால் வெள்ளை நிறம் மஞ்சளாகி, பழுப்பாகி, கறுக்கும். பின்னர் காற்றுப் படாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் ஏறத்தாழப் பாதி எடை ஆவியாகப் போய், மீதி கரியாக நிற்கும். ஓர் இழையின் பருமன் தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு அளவே. 1960களின் முற்பகுதியில் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தார் உறுதியான இழையை எடுக்கும் முறையைக் கண்டனர். ஜப்பானில் அகியோ ஷிண்டோ என்பவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இவ்வழியில் அடியெடுத்து வைத்திருந்தார்.

புதிய பொருளைக் கண்டதும் ஏற்பட்ட அவசரம் ஒரு பெரிய நிறுவனத்தையே உலுக்கியது. புகழ்பெற்ற ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தார் ஆர்பி211 என்ற விமான இயந்திரத்துக்குக் கார்பன் இழையால் விசிறித் தகடுகள் செய்யத் துணிந்தனர். பறக்கும் விமானத்தின் இயந்திரத்தில் பறவை மோதுவது உண்டு. ஆகவே பறவையை வேகமாக எறிந்து தகட்டைச் சோதிப்பார்கள். 1970இல் நடந்த சோதனையில் தகடுகள் அந்த அடியைத் தாங்கவில்லை. உலோகத் தகட்டுக்கு மாற நேர்ந்தது, வேலை தாமதித்தது, ஏற்கெனவே எல்லை மீறியிருந்த செலவு இன்னும் பெருகியது. 1971 பிப்ரவரி 4ஆம் நாள் அந்நிறுவனம் கடன் தீர்க்க வழியின்றி நிர்வாகத்தைப் பிறர் கையில் ஒப்படைத்தது. அந்த வீழ்ச்சிக்கு விசிறித் தகடு மட்டும் காரணமன்று. எனினும் அதுவும் ஒரு காரணம்.

அடுக்கி ஒட்டிய துணிக்கு ஒரு பலவீனம் உண்டு. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் இழை ஒன்றும் இல்லை. பிசின் மாத்திரமே இருக்கிறது. பலமான அடி விழுந்தால் பழைய புத்தகம் பிரிவதுபோல ஏடு ஏடாகப் பிரியும். பல ஆண்டு முயற்சிக்குப் பின், அடுக்கும் முறையிலேயே செய்த தகடுகள், முனையில் டைட்டானியம் உலோகப் பூணுடன், ஜிஇ90 என்ற இயந்திரத்தில் 1995 முதல் நன்றாக உழைத்து வருகின்றன. ஆனால் அப்பலவீனத்தை வேரிலேயே களைந்த உபாயம் தறியில் பிறந்தது. பாவைப் பல அடுக்காக ஓட்டி, ஓர் அடுக்கின் இழை அடுத்த அடுக்கினுள் இறங்கிப் பின்னி மேலேறும்படி, கனமான ஒரே துணியாக நெய்துவிட்டால் பிரிவதற்கு ஏடு ஏது?

லீப் என்ற இயந்திரத்தின் விசிறி இப்படித்தான் பிறக்கிறது. நெய்யப்படும் இடங்கள் அமெரிக்காவின் ரோசெஸ்டர், பிரான்சின் கொமெர்சி முதலான ஊர்கள். தறி, நம் பட்டு நெசவாளர்கள் நன்கறிந்த ஜக்கார்டு வகைத் தறி. அட்டைக்குப் பதிலாக மின்கணிப்பொறி கட்டளையிடுகிறது. அடியில் தடிப்பாகவும் நுனியில் மெல்லியதாகவும் வரும்படி பாவிழைகளைக் கூட்டியும் குறைத்தும் ஒரே துண்டாக நெய்கிறார்கள். அதை வெட்டி அச்சில் வைத்து மூடி, பிசினைச் செலுத்திச் சூடேற்றினால் தகடு தயார். இதன் முனையிலும் டைட்டானியப் பூண் உண்டு. ஓர் இயந்திரத்துக்கு இத்தகைய தகடுகள் 18. 2016 முதல் இவை வானில் பறக்கின்றன. சென்னையிலிருந்து புறப்படும் விமானங்கள் சிலவற்றிலும் உள்ளன. 1804இல் லியோன் நகரத்தில் பட்டில் பூவேலை செய்வதற்காக ஜக்கார்டு அமைத்த கருவி இந்த வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நம் ஜக்கார்டு பெட்டியில் நாளையே விமான விசிறி நெய்யலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்; அந்தத் தறியின் விலையும் அதற்குரிய சோதனைச் சாலையின் விலையும் நம் சங்கங்களின் கணக்குப் புத்தகத்தில் அடங்குவன அல்ல. ஆனால் இழை எங்கே ஏறி எங்கே இறங்கவேண்டும் என்று எண்ணிப் பார்க்கும் மூளை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கட்டடத் தொழிலில் இதே துணி வேறு வேலை செய்கிறது. விரிசல் கண்ட கான்கிரீட் தூணுக்குக் கார்பன் துணியைச் சுற்றிப் பிசின் பூசி இறுக்குகிறார்கள். 1995இல் கோபே நகரத்தில் பூகம்பம் நேர்ந்தபின் ஜப்பானில் இவ்வழக்கம் மிகவும் பரவிற்று. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் 2022இல் திறக்கப்பட்ட 'கியூப்' என்ற சிறு கட்டடத்தில் எஃகுக் கம்பிக்குப் பதிலாகக் கார்பன் இழை வலையையே கான்கிரீட்டினுள் வைத்துள்ளனர். எஃகு துருப்பிடிக்காதிருக்க அதன்மேல் பல சென்டிமீட்டர் கான்கிரீட் போர்வை வேண்டும். கார்பன் வலைக்குத் துரு இல்லை; ஆதலால் சுவர் மெலிதாகிறது, சிமெண்டு மிச்சமாகிறது. விலைதான் தடை.

வாழையின் உறவினர்

இனி வாழைத் தோட்டத்து அன்பரின் கேள்விக்கு வருவோம். ஜெர்மானிய மோட்டார் நிறுவனங்கள் 1990கள் முதற்கொண்டு கதவின் உட்பலகை, இருக்கையின் முதுகு முதலியவற்றுக்கு ஆளி, சணல், கற்றாழை நார்களைப் பயன்படுத்தி வருகின்றன. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தார் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தம்முடைய சிறிய வண்டி ஒன்றின் அடிப்பக்க மூடிக்கு 'அபாகா' நாரைப் பயன்படுத்தினர். அபாகா பிலிப்பைன்ஸ் தீவுகளில் விளைவது. நம் வாழையின் நெருங்கிய உறவினம், ஆனால் பழத்துக்காக அன்றி நாருக்காகவே வளர்க்கப்படுவது. ஆக, வாழை நாரில் வண்டி என்பதன் மெய்யுருவம் இதுதான்: வாழையின் உறவினர் ஒருவர், வண்டி முழுவதும் அன்று, அடிமூடி ஒன்று.

உயர்ந்த வேலையை ஆளி நார் பெற்றிருக்கிறது. நாம் எண்ணெய்க்காக அறிந்த ஆளிவிதைச் செடியின் இனமே அது. அதற்கும் இது முற்றும் புதிய வேலை அன்று. இங்கிலாந்தில் டக்ஸ்ஃபர்டு என்ற இடத்தில் நார்மன் டி புரூய்ன் என்ற விஞ்ஞானி 1930களிலேயே ஆளி நாரைப் பீனால் பிசினில் தோய்த்து அழுத்திப் பலகையாக்கினார். யுத்த காலத்தில் அலுமினியம் கிடைக்காமற் போகுமோ என்ற அச்சத்தால் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் உடற்கூடு ஒன்றை அப்பொருளால் செய்து பார்த்தனர். அலுமினியம் கிடைத்துவிட்டது; ஆளி வீட்டுக்குத் திரும்பிற்று. இன்று மீண்டும் வந்திருக்கிறது. 2019இல் போர்ஷே நிறுவனத்தார் பந்தய வண்டி ஒன்றின் கதவையும் பின்னிறக்கையையும் இயற்கை நாரால் செய்தனர். 2016இல் ஹாலந்து தேசத்தில் ஐந்தோவன் நகரத்துச் சிற்றாற்றின் குறுக்கே ஆளி நாரும் சணல் இன நாரும் பிசினும் கொண்டு 14 மீட்டர் நீளமுள்ள நடைபாலம் ஒன்றை அமைத்தனர்.

அந்த ஆளியில் பெரும்பங்கு பிரான்சின் வடகரையிலும் அதை அடுத்த பெல்ஜியம், ஹாலந்து நாடுகளிலும் விளைகிறது. மார்ச்சு, ஏப்ரலில் விதைத்தால் ஏறத்தாழ நூறு நாளில் தயார். நாரின் நீளம் குறையலாகாது என்று செடியை அறுக்காமல் வேரோடு பிடுங்கி வயலிலேயே வரிசையாகக் கிடத்துகிறார்கள். பனியும் வெயிலும் மாறிமாறிப் பட, நுண்ணுயிர்கள் தண்டின் பசையைத் தின்று நாரை விடுவிக்கும். நாம் குளத்தில் ஊறப்போடுவதை அவர்கள் பனியில் ஊறப்போடுகிறார்கள். ஊறல் குறைந்தால் நார் பிரியாது. மிகுந்தால் நார் நைந்துவிடும். எந்த நாளில் வாரி எடுப்பது என்பதில் ஓராண்டு உழைப்பு முழுவதும் தங்கியிருக்கிறது. நார்மண்டிப் பகுதியில் இந்நாரைப் பிரித்துத் தரம் கண்டு விற்பவற்றில் உழவர்களின் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. 'தேர் த லேன்' என்பது அவற்றுள் ஒன்று. அப்பெயருக்கு ஆளி நிலம் என்று பொருள். அங்கும் நாரின் பெரும்பகுதி இன்றுவரை துணிக்கே போகிறது. கூட்டுப்பொருளுக்குப் போவது சிறு பங்கே. அந்தச் சிறு பங்கை விற்பதற்கும் நீளம், நுண்மை, உறுதி, நிறம் ஆகியவற்றைத் தொகுதி தொகுதியாகச் சோதித்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

கண்ணாடி இழைக்கு இச்சோதனை எளிது. ஆலை எவ்வளவு பருமன் வைத்ததோ அவ்வளவு பருமன்தான். நம் நாரோ வயலுக்கு வயல் மாறும். ஒரே மட்டையில் அடிப்பாகத்தின் நாரும் நுனிப்பாகத்தின் நாரும் மாறும். அதைவிடப் பெரிய சத்துரு ஈரம். இயற்கை நார் காற்றிலிருந்தே நீரைக் குடிக்கும். காய்ந்ததுபோல் தோன்றும் நாரிலும் நூற்றுக்கு எட்டு, பத்துப் பங்கு நீர் இருக்கும். அந்த நாரைப் பிசினில் தோய்த்துச் சூடேற்றினால் நீர் ஆவியாகிக் குமிழி விடும், பிசின் ஒட்டாது. 200 டிகிரிக்கு மேல் சூடு சென்றால் நார் கருகத் தொடங்கும். காஸ்டிக் சோடாவில் நாரை நனைத்து மேலுள்ள பசையை நீக்கினால் பிசின் சற்று நன்றாக ஒட்டுகிறது. இத்தனை காரணங்களால்தான் இயற்கை நாருக்குக் கதவின் உட்பலகை கிடைக்கிறது. விமானத்தின் முதன்மையான உத்தரம் கிடைப்பதில்லை.

நாம் செய்த பிழை

முதலில் குறிப்பிட்ட பிழையை இங்கே கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்துக்கு ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி வந்து, அழுத்துபலகை செய்வதற்கு வாழை நார் வேண்டும் என்று கேட்டார். அவர் சொன்ன விலை நம் செவிக்கு இனிமையாக இருந்தது. அந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து இதே ஏட்டில் எழுதியவர்கள் நாமே. பல வீடுகளில் பெண்கள் கை நோவ மட்டையைச் சீவி நார் எடுத்தனர். மழை மாதத்தில் கட்டி அனுப்பிய நார், ஈரம் மிகுதி என்றும் நீளம் கலப்பு என்றும் காரணம் கூறப்பட்டுப் பெரும்பகுதி திரும்பி வந்தது. லாரிக் கூலியும் நம் தலையில் விழுந்தது. சீவிய கூலியை இன்றும் முழுவதும் பெறாத குடும்பங்கள் உண்டு.

அப்போது நாம் அந்த நிறுவனத்தைத்தான் ஏசினோம். இப்போது பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தால், ஈரம் எத்தனை பங்குக்குள் இருக்கவேண்டும், நீளம் என்ன, யார் முன்னிலையில் சோதிப்பது என்று ஒரு வரியும் அவற்றில் இல்லை. அவர்கள் எழுதவில்லை; நாம் கேட்கவும் இல்லை. நூறு கிலோ நாரில் இருபது கிலோ நீர் இருந்தால் வாங்குபவர் நூறுக்கு விலை கொடுப்பாரா? விற்பவர்தான் எண்பது கிலோவுக்குரிய உழைப்பைக் காட்டி எப்படி வாதாடுவார்? இரு தரப்பும் நிறையை மட்டும் கண்டு, உலர்ந்த நிறையைக் காணாமல் விட்டதால் விளைந்த நஷ்டம் அது.

இப்போது வேறொரு நிறுவனம் கற்றாழை நாரும் வாழை நாரும் கேட்டு எழுதியிருக்கிறது. நிர்வாகக் குழு இன்னும் விடை எழுதவில்லை. உலர்ந்த நிறைக்கே விலை, நீளப்படி மூன்று தரம், சங்கத்துக் கிடங்கிலேயே கூட்டுச் சோதனை, திரும்பி வந்தால் வண்டிக் கூலி யாருடையது என்ற விவரம், இவை எழுத்தில் வந்தபின்னரே ஒரு கட்டுக்கூடக் கிடங்கை விட்டுச் செல்லும் என்பது காரியதரிசியின் கருத்து. இளைய அங்கத்தினர் சிலர் இதைத் தாமதம் என்கிறார்கள். சீவுகூலியை முன்பணமாகச் சங்கமே கொடுக்கவேண்டும் என்பது மகளிர் அங்கத்தினர்களின் கோரிக்கை. அது நியாயம் என்றே நமக்குத் தோன்றுகிறது, ஆயினும் நிதி எங்கிருந்து வரும் என்பது முடிவாகவில்லை.

அடுத்த மகாசபைக்கு வரும்போது நார் எடுக்கும் அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் வழக்கமாக உலர்த்தும் முறையில் உலர்த்திய நாரில் கால் கிலோ கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம். எந்த இரகம், மட்டையின் எந்தப் பாகம், எத்தனை நாள் உலர்ந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கட்டவேண்டும். சங்கத்தில் அதை நிறுத்து, 105 டிகிரிச் சூட்டு அடுப்பில் எடை மேலும் குறையாத வரையில் உலர்த்தி, மறுபடியும் நிறுத்து, இரண்டு எடையையும் அவரவர் பெயருக்கு எதிரே பதிவோம். நெசவாள அங்கத்தினர்கள் முறுக்கில்லாத சணற்கற்றையைச் சாட்டின் நெசவில் ஒரு முழம் நெய்து பார்க்க விரும்பினால், கற்றையைச் சங்கக் கிடங்கிலிருந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம்.